ரோதமுனி அடுப்பின் மூன்றாவது இரும்பு

அன்புள்ள மகள் கிருஷாந்திக்கு,

ராகலையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று நம் சாமி ரோதமுனியிடம் கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ பதினோரு தடவை போனில் கோல் எடுத்தும் நான் பேசவில்லை என்று கோபப்படாதே. உன் குரலைக் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான். ஷெரோமி டீச்சர் வியாழக்கிழமை லண்டன் போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பூரணி செத்ததையும், அவள் மாமியார் வேலாயிக்குக் கால் போனதையும், உன் அடைக்கலம் மாமா அடிபட்டுக் கிடப்பதையும் அம்மா அழுது அழுது உனக்குச் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன். பொலிசும் இதைப் படிக்க வேண்டி வரலாம், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன கார்த்திகை மழையில் மேல் மலை சரிந்தபோது, இரண்டாம் உலக யுத்த காலத்தில் காட்டில் விழுந்த வெள்ளைக்காரன் விமானம் துண்டு துண்டாக மண்ணோடு இறங்கி வந்தது. ஆட்கள் அலுமினியத் தகட்டைக் கூரைக்குத் தூக்கிப் போனார்கள், நான் இரும்புகளைப் பொறுக்கி வந்து மண்ணெண்ணெயில் கழுவினேன். நீ அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய விமானம் திருத்துகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வேர்னியர் வைத்து அளந்து, நம்பர் குத்திய இடத்தில் கடதாசி வைத்துக் கரியால் தேய்த்து, படம் பிடித்து அனுப்புவேன். நீ அங்கே புத்தகங்களில் தேடி, இது எண்ணெய்ப் பம்ப், இது சக்கரத்து வளையம் என்று எழுதுவாய். பம்பை நீ சொல்வதற்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன், அதை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிஸ்டனையும் நான்தான் முதலில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தத் திமிர்தான்.

அடுத்து வந்தது அந்த உருளை. இரண்டு சாண் நீளம், தொடைப் பருமன், ஒரு முனை மழுங்கியது, மறுமுனையில் மரை, நடுவில் சிவப்புச் சாயம் ஒரு வளையமாக மிச்சம். காற்று அடைக்கிற ஏர் பாட்டில் என்று உனக்கு எழுதினேன். நீ அன்றைக்கே வாய்ஸ் அனுப்பினாய். "அப்பா, அது பாட்டில் இல்ல. குண்டா இருக்கலாம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. தொடாதீங்க, தட்டாதீங்க. பொலிசுக்குச் சொல்லுங்க, ஆமி வந்து எடுக்கட்டும்." இரண்டு தடவை கேட்டேன். நாற்பது வருஷம் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோலரைக் கழற்றி மாட்டிய பிட்டர் நான், நான் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று சுர்ரென்று வந்தது. சரி என்று ஒரு சொல் அனுப்பிவிட்டுச் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். காலிப் பாட்டில் என்றால் கணீரென்று சத்தம் வரும். இது மொத்தென்றது. மண் அடைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம் ரோதமுனி ஸ்டோரின் சக்கரங்களைக் காக்கிற சாமி, அவருக்குக் கல் அடுப்பு ஆகாது. மெஷினில் தேய்ந்துபோன இரும்பு மூன்றை வைத்துத்தான் நம் தோட்டத்தில் படையலுக்குப் பொங்குவோம். மண்சரிவில் அந்த மூன்றில் ஒன்று புதைந்து போயிருந்தது. படையலன்று காலையில் பூசாரி என்ற முறையில் உன் மாமா நம் வீட்டுக் காம்பராவுக்கு வந்தார், வாசலில் கிடந்த உருளையைப் பார்த்தார். உன் அம்மா அதற்கு முன்பே கோயிலடிக்குப் போயிருந்தாள். "சாமியே மலையிலேர்ந்து எறக்கி விட்டிருக்காரு போல. இத வைக்கலாமா மச்சான்?" என்றார். "வெறும் கூடுதான், தாராளமா வைங்க" என்றேன். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, அதன்மேல் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். போகும்போது கனக்குதே என்றார், அதற்கும் நான் சிரித்தேன்.

பதினொரு மணி இருக்கும். கிடா வெட்டி முடிந்திருந்தது. பூரணி அடுப்பின் முன் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள், வேலாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணுகிறவன் நான், அன்றைக்குக் குழாயடிக்குப் போய்விட்டேன். தண்ணீர் எடுக்கப் போனதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் கையில் வாளி இருக்கவில்லை, மகளே. வெடித்தபோது சத்தத்துக்கு முன்னால் காற்றுத்தான் வந்து என்னைச் சுவரில் அடித்தது. எழுந்து வந்து பார்த்தால் அடுப்பு இருந்த இடத்தில் குழி. உன்னோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பூரணிக்கு முகம் இல்லை. ஒரு கை, வளையல்களோடு, கோயில் படியில் கிடந்தது. கிடாவின் ரத்தம் எது, அவள் ரத்தம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. வேலாயியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே தோலில் தொங்கியது, அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அரிசி கொட்டிப்போச்சே, அரிசி கொட்டிப்போச்சே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பூரணியின் புருஷன் கிஷாந்த் கையில் விறகுக் கட்டையோடு யார் வைத்தது, யார் வைத்தது என்று கத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், இரும்பு என்றால் இந்தத் தோட்டத்தில் அழகுமுத்துதானே. "மச்சான்தான் வச்சாரு" என்றேன். சொன்னது உண்மைதான், ஆனால் என் ஆயுளில் நான் செய்ததிலேயே பெரிய கேடு அதுதான். முதல் அடி உன் மாமா வாயில் விழுந்தது, மூன்று பல் ரத்தத்தோடு வந்தது. விழுந்தவரைக் கிஷாந்த் தாடையில் மிதித்தான். அதுவரை எல்லாமே தூரத்தில் போலக் கேட்ட என் காதுக்கு அந்த எலும்பு முறிகிற சத்தம்தான் முதலில் தெளிவாகக் கேட்டது. தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஓடி வந்து விலக்கும்வரை பத்துப் பேர் சேர்ந்து அடித்தார்கள், மிதித்தார்கள், ஒருவன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் பிடியால் முதுகில் குத்தினான். நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது அந்த இரும்பை நான் பார்த்ததே இல்லை என்றேன்.

இப்போது உன் மாமா நுவரெலியா ஆஸ்பத்திரியில், தாடையைக் கம்பியால் கட்டி, ஒரு கையைக் கட்டிலோடு விலங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். வெடிமருந்து என்று தெரிந்தே வைத்தார் என்று பேச்சு. அது எப்படி வந்தது என்று எழுதச் சொல்லிப் பொலிஸ் கடதாசி கொடுத்தபோது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். நான் போய் நின்றேன். என்னைப் பார்த்தார், தலைமாட்டில் கஞ்சியோடு நின்ற தன் தங்கச்சியை, உன் அம்மாவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அவள் தாலிக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். உன் அம்மாவோ தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "எங்கண்ணன் கையில அத எவன் குடுத்தானோ அவன் கை அழுகிப் போகணும்" என்கிறாள். அந்தக் கையால்தான் நான் பிசைந்து சாப்பிடுகிறேன்.

டீச்சர் கிளம்புவதற்கு முன்பே, வருகிற திங்கட்கிழமை, பூரணிக்குக் கருமாதி. அங்கே எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட்டு, அப்படியே பொலிசுக்குப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். கிஷாந்த் அங்கேயே என் மண்டையைப் பிளந்தாலும் அவனை யாரும் குற்றம் சொல்லக் கூடாது, நீயும் சொல்லாதே. அவனுக்குப் பயப்படவில்லை, உன் அம்மா முகத்துக்குத்தான் பயப்படுகிறேன். லீவு போட்டு ஓடி வராதே. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று உன்னை நீயே வதைக்காதே, நீ சொல்ல வேண்டியதைச் சொன்னாய், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிடாதே. கையுறை போடு. தெரியாத இரும்பைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. அம்மாவுக்கு அடிக்கடி கோல் எடு, அவளுக்கு இனி நீ மட்டும்தான். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், என் பாவம் எதுவும் உன் தலையில் விழக் கூடாது.

கடைசியாக ஒன்று. அன்று பொலிஸ் போன கையோடு, உன் வாய்ஸை என் போனில் அழித்துவிட்டு, உன்னையும் அழிக்கச் சொல்லி ஒரு வரி அனுப்பினேன். அழித்தாயா இல்லையா என்று நீ பதில் போடவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, உன் மாமாவுக்குத் தெரியாது என்பதற்கு அந்தக் குரலைவிட வேறு சாட்சி இல்லை. அப்பா சொல்லைக் கேட்காத பிள்ளையாக நீ இருந்திருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன்.

உன் அப்பா,
அழகுமுத்து