ஆப்பிள் பெட்டி

மார்ச் 4
என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை கடைக்குப் பின்னால் குளிர் அறை போட்டுவிட்டாள். "நாலு டிகிரியில பூ தூங்கும்ணா. சீக்கிரம் உதிராது." நாற்பது வருடம் ஈரச் சாக்கை வைத்தே பூ விற்றவன் நான். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. இந்த மெஷின் பூவையெல்லாம் கெடுத்துவிடும், வேண்டாம் என்று குதித்தேன்.

மார்ச் 7
இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: திங்கட்கிழமை வந்த ரோஜா இன்னும் மொட்டாகவே இருக்கிறது. நான் தின்ன வாங்கிய ஆப்பிள் பெட்டியையும் அங்கேயே வைத்தேன், டெல்பினியம் என்கிற நீலப் பூத் தண்டுகள் நிற்கும் வாளிகளுக்குப் பின்னால். இடம் சும்மாதானே கிடக்கிறது?

மார்ச் 11
கொட்டிவிட்டது. அத்தனையும்! கல்யாண மண்டபத்துக்கு வைத்திருந்த டெல்பினியம் — தொட்டதும் நீலப் பூக்கள் பொலபொலவென்று. கையில் வெறும் தண்டு. தங்கை ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ சொன்னதுதான்ணா சரி. வெள்ளிக்கிழமை ஆளை வரச்சொல்லி மெஷினைக் கழட்டிடறேன். கடையையும் நீயே பாத்துக்க. நான் வரல."

நான் சொன்னபடியே ஆயிற்று. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 12
மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். பழுத்த பழம் ஒரு வாயுவை விடுமாம். அது பட்டால் பூ உதிருமாம். பூவோடு பழம் வைக்கக் கூடாதாம். எவனோ உளறியிருக்கிறான். ஆப்பிளைப் போய்!

சந்தையில் வாங்கிவந்த புது டெல்பினியம் கட்டு ஒன்றிலிருந்து இரண்டு தண்டு எடுத்து, இரண்டு டப்பாவில் மூடி வைத்தேன். ஒன்றில் மட்டும் ஓர் ஆப்பிள். பார்த்துவிடலாம்.

மார்ச் 14
ஆப்பிள் இல்லாத டப்பாவில் பூ அப்படியே இருக்கிறது. இன்னொன்றைத் திறந்தேன். ஐயோ. அடியெல்லாம் நீலம்.

நானா? நானேவா?

மார்ச் 15
மெக்கானிக் வந்தான். "பெரியவரே, கழட்டலாமா?"

"கைய வெச்சுப் பாரு!"

"வேண்டாம்னு குதிச்சது நீதானேண்ணா?" என்றாள் தங்கை.

இரண்டு டப்பாவையும் அவள் முன் வைத்தேன். "உள்ள இருந்த ஆப்பிள் பெட்டி என்னோடது."

பூ உதிர்ந்த டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கிடம், "நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

மார்ச் 18
ஆப்பிள் பெட்டி என் கட்டிலடியில். இன்று புது டெல்பினியம் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குள் நுழையப் போனேன். தங்கை மறித்தாள். "நில்லுண்ணா. சட்டைப் பையில என்ன?"

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.