டேப்பை நகர்த்தியது யார்

5 ஜனவரி, திங்கள்

நல்ல குளிர். சயானில் பஸ் வந்தபோது கண்ணாடி முழுக்க ஈரம். செம்பூர் மைதானத்து கேட் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேனையும் நிறுத்திவிட்டார்களாம். கோச் சார் சுவரேறிக் குதித்து உள்பக்கமாகத் திறந்தார், இந்த வயதில்.

ஏதோ நடக்கிறது. எழுதி வைப்பது நல்லது. தமிழில் எழுதுவதும் காரணத்தோடுதான். என் பையை யார் குடைந்தாலும் ஒரு வரி புரியாது. கூட ஓடும் ஜானகி மாட்டுங்காக்காரி, வீட்டில் தமிழ்தான், ஆனால் படிக்கத் தெரியாது. கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சார் எங்களை உட்கார வைத்துச் சொன்னது: மாநில அரசு யுனிவர்சிட்டிக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிவிட்டது. யுனிவர்சிட்டி முதலில் கை வைத்தது விளையாட்டில். போனவை:

– பிசியோ மேடம். (லீவில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.)
– முட்டை, வாழைப்பழம்.
– வெளியூர்ப் பந்தயத்துக்கு பஸ்.
– ரிலேயில் ஐந்தாவது ஆள்.

அதாவது ரேஷ்மா. பாண்டுப்பிலிருந்து முதல் லோக்கல் பிடித்து வருகிறவள். யாருக்காவது அடிபட்டால் ஓடுவதற்கென்று வைத்திருந்தார்கள். இனி நாலு பேர் மட்டும். முதலில் கோமல், அடுத்து நான், பிறகு ஸ்வாதி, கடைசியில் ஜானகி. நாலு பெயரையும் எழுதி அனுப்பியாகிவிட்டது, மாற்ற முடியாது என்கிறார் சார். இந்த ஊரில் எதைத்தான் மாற்ற முடியாது?

இன்னொன்று. 13ஆம் தேதி கமிட்டி வந்து பார்க்கும். ஓட்டம் பிடித்திருந்தால் ரிலே டீமை இண்டர்-யுனிவர்சிட்டி பந்தயத்துக்கு அனுப்பும். இல்லாவிட்டால் டீமே கிடையாது.

ரேஷ்மா அழவில்லை. ‘டீக் ஹை சார்’ என்றாள். அவ்வளவுதான். அழாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, “ஏட்டி இசக்கி, இந்த ஓட்டம் சாட்டமெல்லாம் இந்தப் பந்தயத்தோட சரி. பொறவு கல்லால வந்து உக்காரணும், கேட்டியா?” என்றார். கேட்டேன். பந்தயத்துக்குப் போனால் சர்டிபிகேட். அது இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பின்னால் ஸ்டூல்.

6 ஜனவரி, செவ்வாய்

ரேஷ்மா இன்றும் வந்திருந்தாள். டீமில் இல்லை. முட்டையும் இல்லை. எதற்கு வருகிறாள்?

கோமலும் அவளும் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால். நான் போனதும் பேச்சு நின்றது. “க்யா ஹுவா?” என்றேன். “குச் நஹி, ஈஷா” என்றாள் கோமல். இங்கே எல்லோருக்கும் நான் ஈஷா. இசக்கி என்றால் வாயில் நுழையாதாம்.

ஒன்றுமில்லாததற்கு டாங்கிக்குப் பின்னால் ஏன் போக வேண்டும்?

ஸ்பைக்ஸ் ஷூவில் இரண்டு ஆணி தேய்ந்துவிட்டது. வாங்க வேண்டும். ஷாம்பு.

7 ஜனவரி, புதன்

அம்மாவுக்கு ரிலேயை விளக்கினேன், பொங்கலுக்கு வந்த புதுப்பானையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கம்பை வாங்குகிறவள் கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்குப் பின்னால் தரையில் ஒரு டேப் ஒட்டியிருப்பேன். ஓடிவருகிற கோமல் அதை மிதித்ததும் நான் கிளம்ப வேண்டும். அவள் குரல் கொடுத்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கம்பு கையில் வந்து விழும். ஒரு எல்லைக்கோடு உண்டு, அதற்குள் கை மாறாவிட்டால் ஆட்டம் காலி.

“திரும்பிப் பாக்காம எப்பிடிட்டி வாங்குவ? அவ கீழ போட்டுட்டான்னா?”

“போட மாட்டா.”

“நீ ரொம்ப நம்புத ஆளுதான்.”

அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், இன்று டேப் இடம் மாறியிருந்தது. வார்ம்-அப் ஓடப் போகும் முன் என் காலடியால் அளந்து ஒட்டினேன். திரும்பி வந்து நின்றால் கிட்டத்தில் இருக்கிறது. முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். ஓட்டம் முடிந்து மறுபடி அளந்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

டேப் கிட்டே வந்தால் நான் தாமதமாகக் கிளம்புவேன். தாமதமாகக் கிளம்பினால் டீம் நேரம் கெடும். சார் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தது என்னை மட்டும்தான்.

யாருக்கு லாபம்? ரே.வுக்கு. என் இடம் காலியானால் போகப்போகிறவள் அவள்தானே. பெயர் மாற்ற முடியாது என்பதெல்லாம் சும்மா.

8 ஜனவரி, வியாழன்

மறுபடி நகர்ந்திருக்கிறது. நேற்றைவிட அதிகம்.

சாரிடம் போய்ச் சொன்னேன், டேப்பைப் பற்றி அல்ல. கையில் ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்வது? டீமில் இல்லாதவர்கள் உள்ளே வந்தால் நமக்குக் கவனம் சிதறுகிறது, கமிட்டி கேட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம் சார், என்று மட்டும். சார் ரேஷ்மாவைக் கூப்பிட்டு இனி வராதே என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை. கோமல் பார்த்தாள்.

நிம்மதி. உண்மையாகவே நிம்மதி.

வீட்டில் அயிலைக் குழம்பு. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

9 ஜனவரி, வெள்ளி

ரேஷ்மா உள்ளே இல்லை. டேப் நகர்ந்திருக்கிறது.

அப்படியென்றால்?

கோ. – வார்ம்-அப்பின்போது என் பக்கத்திலேயே ஓடினாள். ஆனால் நடுவில் ‘பாத்ரூம்’ என்று போனாள். போனது பாத்ரூம் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?
ஸ்வா. – காதில் எப்போதும் பாட்டு. இதெல்லாம் செய்கிற ஆள் இல்லை. இல்லாதது போல இருக்கிறவர்கள்தான் செய்வார்கள்.
ஜா. – ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இருந்தாள். லேஸ் கட்ட இவ்வளவு நேரமா?

எல்லோரும் ரேஷ்மா பக்கம். நாலு பேர் டீமில் நான் மட்டும் தனி.

டேப்பைப் பழைய இடத்துக்கு மாற்றி வைத்து ஓடினேன். கோமலால் என்னை எட்ட முடியவில்லை. “ருக், ருக்!” என்று என்னை நிற்கச் சொல்லிக் கத்துகிறாள். வேண்டுமென்றே மெதுவாக வருகிறாள். டேப் பலிக்கவில்லை, அதனால் இந்த வேலை. இரண்டாவது முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். சார் விசிலை ஊதி, முதல் வருஷப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினார்.

ஜானகி பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். “ஈஷா, நீ ஏண்டி எப்பப் பாத்தாலும் எல்லாரையும் மொறச்சுண்டே இருக்கே?”

“டேப்ப யாரு நவுத்துதா?”

“எந்த டேப்?”

எந்த டேப் என்று கேட்டபோது அவள் மூக்கைச் சொறிந்தாள்.

11 ஜனவரி, ஞாயிறு

பயிற்சி இல்லை. கடையில் உட்கார்ந்தேன். நான் உளுந்து நிறுக்கும்போது ஒரு அம்மா தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. என்னைப் பார்த்தால் திருடி மாதிரியா இருக்கிறது?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் பச்சைப் பொட்டு நாலு எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய சைஸ். டேப்பை அவர்கள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், தொட மாட்டேன். சரியான இடத்தில் பொட்டு. நான் பார்ப்பது பொட்டை.

12 ஜனவரி, திங்கள்

லேசான பயிற்சி மட்டும். நாளை கமிட்டி. சார் புதுச் சட்டை வாங்கியிருக்கிறாராம். அவருக்கும் மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. பாவமாக இருந்தது.

கோமல் இன்றும் முழு நீள டிராக் பேண்ட் போட்டே ஓடினாள். சார் கேட்டதற்குக் குளிர் என்றாள். வெயில் வந்தபிறகும் குளிரா? எனக்குள் கேட்டுக்கொண்டேன், அவளிடம் கேட்கவில்லை.

13 ஜனவரி, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கமிட்டியிலிருந்து மூன்று பேர், நாற்காலி போட்டு. நான் பொட்டை ஒட்டினேன், டேப்பை நகர்த்தினார்கள், எல்லாம் நான் நினைத்தபடியே. கோமல் வளைவில் வந்தாள். பச்சைப் பொட்டை மிதித்தாள். கிளம்பினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல கிளம்பல். திரும்பிப் பார்க்கவில்லை. கை நீட்டினேன். காற்று. இன்னும் நீட்டினேன். “ஈஷா” என்று ஒரு குரல், மிகத் தூரத்திலிருந்து. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது கோமல் தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில். கம்பு உருண்டு பக்கத்து லேனுக்குப் போய்விட்டது.

கமிட்டி அம்மா ஏதோ எழுதினார். ரிலே ரத்து. ஜானகி மட்டும் 200 மீட்டருக்குப் போகிறாள். சார் புதுச் சட்டையோடு போய்க் கோமலைத் தூக்கினார். டிராக் பேண்டை மேலே சுருட்டினார்கள். தொடை முழுக்கக் கட்டு, ஒழுங்காக, பிசியோ மேடம் கட்டுவது போல.

ஜானகியைத் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் இழுத்துப் போனேன். இந்த முறை நான்.

“யாரு நவுத்துனா?”

“ரேஷ்மா வந்த வரைக்கும் அவ. நீ அவளைத் தொரத்தினப்பறம் நான்.” அழுதுகொண்டிருந்தாள். “கோமலுக்குக் கால் போயிடுத்துடி, ரெண்டு வாரமா. அவளால பழைய ஸ்பீடுல வர முடியலை. டேப் கிட்ட இருந்தா நீ லேட்டா கெளம்புவே, அவ ஒன்னைப் பிடிச்சுடுவா. டைம் கொஞ்சம் போகும், ஆனா பேட்டன் கை மாறும். அது போறும்னு நெனச்சோம்.”

“கட்டு?”

“ரேஷ்மா. மேடத்துகிட்டக் கத்துண்டா. நீ தொரத்தினப்பறம் டெய்லி செவுத்துக்கு அந்தண்டை நின்னு கட்டினா.”

“அவளே ஓடியிருக்கலாமே.”

“எப்படி ஓடுவா? நாலு பேரோட பேர்தான் போயிருக்கு. கோமல் இல்லேன்னா டீமே இல்லை. ஒனக்கும் இல்லை.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “சொன்னா நீ நேரா சார்கிட்டப் போயிருப்பே.”

போயிருப்பேன்.

14 ஜனவரி, புதன்

பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. அப்பா சாவியை எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருந்தார். “கடைய நீ தொறக்கியா?” என்றார் கண்ணைத் திறக்காமல். வந்து திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஏன் என்று தெரியாது. பொட்டை உரிக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

கேட் திறந்திருந்தது. ரேஷ்மா உள்ளே இருந்தாள், கோமலின் காலை மடியில் வைத்துக்கொண்டு. ஜானகி, ஸ்வாதி, சார் எல்லோரும். இனி துரத்துவதற்கு என்ன இருக்கிறது?

நான் போனதும் பேச்சு நின்றது. என்ன பேசினார்கள் என்று இந்த முறை சந்தேகமே இல்லை.

சங்கராந்தி அல்லவா, கோமல் வீட்டிலிருந்து எள்ளுருண்டை டப்பா. தின்றுவிட்டு இனிமையாகப் பேசு என்று சொல்லி நீட்டுவது மராட்டிக்காரர்கள் வழக்கம். வருஷத்துச் சண்டையெல்லாம் அதோடு தீர்ந்தது என்று அர்த்தம். கோமல் அதைச் சொல்லி சாருக்கு ஒன்று கொடுத்தாள். ரேஷ்மாவுக்கு, ஜானகிக்கு, ஸ்வாதிக்கு.

எனக்கும் ஒன்று எடுத்தாள். நீட்டினாள். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வாங்கிக்கொண்டேன். சொல்வாள் என்று நின்றேன்.