பொருநை என்றொரு மெஷின்

9 ஆகஸ்ட் 1998, ஞாயிறு

கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏறிவிட்டது. நாலாவது முயற்சி. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி, ஏதோ ஒரு மில் ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுக்க மேலப்பாளையத்தில் ஒரு ஆள் கிடையாது. மெஷினுக்கு என்ன பெயர் என்று கேட்டது. எங்கள் தாமிரபரணியின் பழைய பெயரை, பொருநை என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். கறுப்புத் திரையில் அந்தப் பெயர் வந்து நின்றதும் என் டைப்பிங் சென்டரில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

2 செப்டம்பர், புதன்

ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் போன். "எல்லாரும் போல விண்டோஸ் போட்டுக்கிட வேண்டியதுதானே, ஆபிதா?"

விளக்கினேன். இதில்தான் நானே ஒரு ஈமெயில் தபாலாபீஸ் வைத்துக்கொள்ள முடியும். வெளியே ஒரே முகவரி; கடிதமெல்லாம் ஒரே மூட்டையாக இறங்கும். தலைப்பில் இருக்கிற பெயரைப் பார்த்து மெஷினே பிரித்து அவரவர் பெட்டியில் போடும். காலையும் மாலையும் அதுவே போன் போட்டு எடுத்துக்கொள்ளும். கடிதம் எந்தத் தேசத்திலோ இருக்காது. என் மேசைக்கு அடியில் இருக்கும். இந்த லினக்ஸை எழுதியவர்கள் யாரோ எவரோ, உள்ளே இருப்பதை ஒளிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டார்கள்.

எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, முதல் பெட்டி தன் கடிதங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

19 அக்டோபர்

பதினெட்டுப் பெட்டி. எல்லாம் ஆண்கள் துபாய், ஷார்ஜா, அபுதாபியில் இருக்கிற வீடுகள்; பெண்கள் இங்கே வந்து படித்துப் போகிறார்கள்.

20 நவம்பர், வெள்ளி

தப்பு நடந்துவிட்டது. பாத்து என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தியின் மாப்பிள்ளை எழுதியதை இன்னொருத்தி திறந்து படித்துவிட்டாள். கடிதத்துக்கு உரியவள் என் எதிரில் உட்கார்ந்து அழுத அழுகை — மெஷின் மேல் பழி போடலாமா? பிரிக்கிற விதியை எழுதினது நான். இனி பெயரோடு எண், ஆளுக்கொரு ரகசியச் சொல். அது எனக்கும் தெரியக் கூடாது.

5 ஜனவரி 1999, செவ்வாய்

அசன் மைதீன் மாமா வந்தார். சென்டர் இருக்கிற இந்த முன்னறை அவருடையது. போன் லைனும் அவர் வீட்டிலிருந்து இழுத்ததுதான். மகன் துபாயில். மருமகள் சித்தி ஜனாபாவுக்கு அவன் எழுதுவதைத் தனக்குக் காட்டச் சொன்னார். அவள் சொல்லாமல் திறக்க முடியாது என்றேன்.

"நீ நெனச்சா தொறக்க முடியுமா, முடியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரகசியச் சொல் தெரியாவிட்டாலும், மெஷினுக்குச் சொந்தக்காரி எதையும் திறக்கலாம்.

"முடியும் மாமா. ஆனா தொறக்க மாட்டேன்."

எழுந்து போய்விட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு போனை எடுத்தால் சத்தமே இல்லை; லைனைப் பிடுங்கியிருந்தார்.

6 ஜனவரி

விசாரிச்சேன். மாமா மகன் மூணு மாசமா வாப்பாவுக்கு ஒரு வரி போடல. பொண்டாட்டிக்கு மட்டும் வாராவாரம் எழுதுதான். பெத்த மனசு கேக்குமா? கேக்காதுதான். அதுக்கு நான் என்ன செய்ய?

11 ஜனவரி

பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நோன்புப் பெருநாள் நெருங்குகிறது. புது போன் லைனுக்கு எழுதிக் கொடுத்தேன். எப்போது வருமோ.

சித்தி ஜனாபா வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. "என்னாலதானே லாத்தா. மாமாவுக்குக் காட்டிருங்க."

"நீயா காட்டுனா காட்டு. என் மெஷின் காட்டாது."



16 ஜனவரி, சனி

வண்ணார்பேட்டையில் எஸ்டிடி பூத் வைத்திருக்கிற தானியேல் அண்ணாச்சியிடம் போய் இடம் கேட்டேன். இரண்டு லைன், பின்னால் ஒரு சின்ன அறை. யோசிக்கவே இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டார்.

கொக்கிரகுளம் வழியாக ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடியிலிருந்த மெஷினை இறுக்கிக்கொண்டேன். அங்கே போய்ச் செருகினேன். ஒரு எழுத்து குறையவில்லை. பதினோரு நாள் தேங்கிய கடிதமெல்லாம் இறங்கி, பிரிந்து, அவரவர் பெட்டிக்குப் போயின. அண்ணாச்சி கதவோரம் நின்று பார்த்தார்.

"என்னம்மா, தபாலாபீஸையே தூக்கிட்டு வந்துட்டிய."

ஆமாம். தூக்கிக்கொண்டுதான் வந்தேன். இன்று என்னைப் பற்றி நானே நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

20 ஜனவரி

பெருநாள். இருபத்தாறு பெட்டி. சித்தி ஜனாபா பஸ் ஏறி வந்து படித்துவிட்டுப் போனாள்.

11 பிப்ரவரி, வியாழன்

மத்தியானம் அசன் மைதீன் மாமா பூத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, மகனுக்குத் தானே எழுத வேண்டும், தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்றார். கொழும்பில் கடை வைத்திருந்தவர், ஆங்கில எழுத்தெல்லாம் தெரியும்.

எண் போட்டுக் கொடுத்தேன். ரகசியச் சொல்லை நீங்களேதான் அடிக்க வேண்டும், எனக்குத் தெரியக் கூடாது என்றேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நீ அங்கன திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். ஒற்றை விரலில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பைய அடித்தார். முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நேரமானால் என்ன? சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.