அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல்

26.2.1967, ஞாயிறு

சேவல் இன்று விடிகாலையில் இரண்டு முறை கூவிவிட்டது. அம்மா ஓடிப்போய்க் கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டாள். கழுத்தை நிமிர்த்த முடியாவிட்டால் சேவலால் கூவ முடியாதாம். அதற்காகக் கூடைக்குள் ஒரு பலகையைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறாள். அது நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே நிற்கிறது.

இந்த அலுவலகக் குடியிருப்பில் எனக்கு வீடு ஒதுக்கிய உத்தரவில் எட்டாவது நிபந்தனை: ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது அந்தோணியாரு சேவலு பாப்பா. நம்மளுது இல்ல" என்கிறாள்.

நான் பி.ஏ. தேறி உத்தியோகத்துக்குப் போனால் சேவல் தருவதாக நேர்ந்துகொண்டாளாம். நேர்ந்துவிட்டதை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, வேறு கைக்கு மாற்றவும் கூடாது. ஜூன் பதின்மூன்று, ஊர்த் திருவிழா வரை அவள் கையால்தான் தீனி போட வேண்டும். நான் தனியாக இருக்கக் கூடாதென்று போன வாரம் வந்தவள், அதையும் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மாவை இன்னும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. நானே இங்கு யாரோடும் பேசியதில்லை.

6.3.67, திங்கள்

தபால் பதிவேடு என் மேசையில்தான். இன்று ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்தது. நான்காம் எண் வீட்டில் சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது, நடவடிக்கை எடுக்கவும்.

நான்காம் எண் என் வீடு.

கிழித்துப் போட்டிருக்கலாமோ? தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பதிவேட்டில் எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, சூப்பிரண்டு ஜெயராமன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

8.3.67, புதன்

எழுதத்தான் வேண்டுமா இதை?

காலை எட்டு மணிக்கு சூப்பிரண்டு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், கோபமே இல்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார்.

"இன்னாம்மா இது, வேலைக்காரிய வெச்சா கோழிப்பண்ணையும் சேர்த்து வெச்சிட்டா போலக்குது. நீ கண்டிக்கிறதில்லையா?"

திருத்தியிருக்க வேண்டும். எங்க அம்மா — இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"சொல்லிடறேன் சார்" என்றுதான் வந்தது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவரைக் கும்பிட்டாள்.

"ஆமாங்கய்யா, நான்தான் கொண்டாந்தேன். பாப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். வேலைக்காரியின் தவறு, எச்சரிக்கப்பட்டது என்று எழுதி முடித்துவிடுவதாகச் சொன்னார். என் மேல் ஒன்றும் வராதாம்.

9.3.67

மனு கோப்பில் சேர்க்க என்னிடமே திரும்பி வந்தது. சேர்த்தேன்.

15.3.67, புதன்

அம்மா முன்வாசலில் கால் வைப்பதே இல்லை. கடைத்தெருவுக்குப் போனாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டு மீனம்பாள் அக்கா இன்று என்னைக் கூப்பிட்டார். உங்க வேலைக்கார அம்மாவுக்கு நேரம் இருந்தால் எங்கள் பாத்திரத்தையும் தேய்த்துக் கொடுக்கச் சொல்லேன் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

18.3.67, சனி

மதியம் வீடு திரும்பினால் அம்மாவைக் காணோம். மீனம்பாள் அக்கா வீட்டுக் கொல்லையில் குந்தியிருந்தாள். சாம்பலும் தேங்காய் நாருமாக அவர்களுடைய குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு.

அவள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏம்மா இப்படிப் பண்றே, ஏன்? கத்தக்கூட முடியல. பக்கத்துல கேக்குமே.

"அவளே வந்து கூப்ட்டா. மாட்டேன்னா சந்தேகப்பட மாட்டாளா? எந்த வேலைக்காரி மாட்டேன்றா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சட்டி தேச்சா கை தேஞ்சிடாது. போய் சாப்டு."

கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

24.3.67, பெரிய வெள்ளி

கோயிலில் அம்மா எனக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றாள். பாடுகளின் வாசிப்பில், சேவல் கூவுமுன் இராயப்பர் இயேசுவைத் தெரியாதென்று மறுதலிக்கும் இடம் வந்தது. முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

27.3.67, திங்கள்

தவணை முடிகிறது. சேவல் போனால் அம்மாவும் போக வேண்டும். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். திருவிழா முடிந்ததும் வந்துவிடு என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

11.4.67

தண்ணீர்த் தொட்டி ஓரம், சேவலுக்குப் போட்டதில் சிந்திய கம்பு முளைத்திருக்கிறது. பிடுங்கவில்லை.

13.6.67, செவ்வாய்

திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மா சேவலைக் குளிப்பாட்டி, காலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அந்தோணியார் சுரூபத்தின் முன் தூக்கிக் காட்டிவிட்டு, கோயிலுக்காக ஏலம் போடுகிறவரிடம் கொடுத்தாள். அவர் கைக்குப் போனதும் அது கழுத்தை முழுக்க நீட்டி ஒரு கூவல் கூவியது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னேன்: நேர்ச்சை முடிந்தது, இனிமேல் கோழியும் இல்லை, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், என்னோடு வந்துவிடு.

"வர்றேன் பாப்பா. எந்த வாசல் வழியா வர்றது, அதச் சொல்லு."

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்பவள் போலத்தான் கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

15.6.67, வியாழன்

காலையில் மீனம்பாள் அக்கா வேலியோரம் நின்று, உங்க வேலைக்கார அம்மா இன்னும் வரலையா என்று கேட்டார்.

"அவங்க எங்க அம்மா" என்றேன். குரல் எழும்பவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

அவர் தன் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். உள்ளே போனார். நாளைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மாலையில் கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கிவந்து பின்வாசல் கதவில் போட்டேன். அம்மா வந்தால் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.