ஷெட் கதவுக்குச் சந்தா கட்டலாமா?

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். எப்போதும் பழக்கத்தில் எழுதுகிற வரிதான். இந்த முறை மனசாரவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன வாரம் உன் குரல் கம்மியிருந்தது. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் மாத்திரை பெயர் எதுவும் சொல்லாமல் உப்புத் தண்ணீரைச் சொல்கிறாளே என்று சிரிக்காதே.

கார் ஷெட் கதவைப் போனிலிருந்தே திறந்து மூடுகிற வசதியைக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, சந்தா கட்டித் தொடரலாமா, கட்டினால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருந்தாய். "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றாய். ஒரே வார்த்தையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். போனில் விளக்கமாகச் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அவருக்கு வாய்தான் தடுமாறுகிறதே தவிர, காது பாம்புக் காது. அதனால்தான் மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணினால், யாரோ இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்.

முதலில் உன் போனில் இருக்கிற அந்தக் கதவு ஆப்புக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். (நான் "ஆப்பு" என்று சொன்னாலே நீ சிரிப்பாய். சிரி. அது சில நாள் எனக்கு நிஜமாகவே ஆப்பு வைத்தது, அதையும் சொல்கிறேன்.) அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். திரும்பிப் போவதற்குள் பாத்ரூமில் கைப்பிடி, படியில் கம்பி, ஷெட்டில் இந்தக் கதவு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திவிட்டுப் போனாய். அந்தப் பழைய கதவைத் தூக்க எனக்கு இடுப்பு வளையாது, அவருக்கு வலது கை வராது. இப்போது சுவரில் இருக்கிற பட்டனைத் தொட்டால் கதவு ராஜா மாதிரி மேலே போகிறது. மழையில் நான் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அப்பாவோடு வெளியே நின்றேனே, அன்றைக்கு நீ அங்கே படுக்கையில் இருந்தபடியே கதவைத் திறந்துவிட்டாய். அந்த ஒரு நாளுக்காகவே காலத்துக்கும் சந்தா கட்டலாம் என்று அப்போது தோன்றியது உண்மை.

அப்புறம் கேமரா விஷயம். கதவு மோட்டாரோடு வருகிற அந்தக் கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை, இருட்டாக இருக்கிறது, கம்பெனியில் புகார் கொடு என்று பலமுறை சொன்னாய். அது கெட்டுப்போகவில்லை, குட்டிம்மா. அதன்மேல் அப்பா துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்.

கோபப்படாதே. கொஞ்சம் அவர் இடத்திலிருந்து பார். எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷன். டிரைவிங் மாஸ்டர் சத்தம் போட்டால் தெருமுனையில் போகிறவன்கூட வண்டியை நிறுத்துவான் என்று ஊரே கிண்டல் செய்யும். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீர் என்று கேட்க வாய் வரவில்லை. நீ ஊருக்குப் போன பிறகு வீடியோவில் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ கேட்க வந்து, வேறு ஏதோ வார்த்தை வந்து விழுந்தது. நீ பாசமாகத்தான் சரியான வார்த்தையை எடுத்துக் கொடுத்தாய். அவர் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து போன் அடித்தாலே ஷெட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய பழைய டிரைவிங் பள்ளி வண்டி நிற்கிறதல்லவா, அதில் மாஸ்டர் உட்காருகிற சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். நீ கேமரா வழியாக அங்கேயும் பார்க்க ஆரம்பித்தாய். துண்டு விழுந்தது.

நீ சந்தா கட்ட நினைப்பது கதவுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதறாமல் படி. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கீறல் வண்டியின் பின்பக்கத்துக்குத்தான்.

வண்டியைச் சும்மா போட்டு வைத்தால் பேட்டரி படுத்துவிடும், டயரும் ஒரே இடத்தில் அமுங்கிவிடும், அவ்வப்போது ஸ்டார்ட் செய்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் டிரைவிங் மாஸ்டரோடு குடும்பம் நடத்தியவளுக்குச் சாவியைத் திருகவுமா தெரியாது? சாயங்காலங்களில் கதவை முழுசாகத் திறந்து வைத்து, புகை வெளியே போகும்படி வண்டியை ஓடவிடுவேன். அப்பா பக்கத்துச் சீட்டில் இருப்பார். கதவு ரொம்ப நேரமாகத் திறந்திருக்கிறது என்று உனக்கு அறிவிப்பு வந்ததெல்லாம் இதனால்தான். அம்மா மறந்துவிட்டாள் போலிருக்கிறது, திருடன் புகுந்துவிடுவான் என்று பயந்து நீ அங்கிருந்தே மூடிவிடுவாய். நான் இங்கே மறுபடி திறப்பேன். நீ மறுபடி மூடுவாய். நம் இருவருக்கும் நடுவில் அந்தக் கதவு படாத பாடு பட்டது.

ஒருநாள் எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பார்ப்போம் என்று கியரை மாற்றினேன். என் கண் முழுக்கக் காலடியில். எந்தக் கால் எந்தப் பெடலில் என்ற குழப்பத்தில் வண்டி குதித்துக்கொண்டு பின்னால் போனது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு இறங்க ஆரம்பித்தது. மோட்டார் சத்தத்தில் எனக்குத் தெரியவே இல்லை. மாஸ்டர் பார்ப்பதற்கென்று தனியாக வைத்திருக்கிற கண்ணாடியில் அவர் பார்த்துவிட்டார்.

"பிரேக்!"

ஷெட்டே அதிர்ந்தது, குட்டிம்மா. பழைய குரல். அதே அதட்டல். சொன்னதோடு நிற்கவில்லை, அவர் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை இடது காலால் ஓங்கி மிதித்தும்விட்டார். வண்டி அப்படியே நின்றது. கதவு வந்து பின் பம்பரில் இடித்து, தானாகவே மேலே போய்விட்டது.

 அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது என்னவென்று மூளைக்கு எட்டியது. "என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன். அவருக்கே நம்பிக்கை இல்லை. உதட்டைக் குவித்து, கண்ணை மூடி, "பி… பிரேக்" என்றார். இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரம் சொன்னார். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் சிரிக்கிறோம், அழுகிறோம், மறுபடி சிரிக்கிறோம். எதிர் வீட்டுப் பல் டாக்டர் ஏதோ சண்டை என்று நினைத்து ஓடி வந்தார். அவரைப் பார்த்தும் அப்பா "பிரேக்" என்றார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ இதை நினைத்து மருகக் கூடாது, இது அம்மா மேல் ஆணை. நீ அங்கே பட்டனை அழுத்தாமல் இருந்திருந்தால் அவர் இங்கே வாயைத் திறந்திருப்பாரோ என்னவோ.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அந்த அம்மாளிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்ற வார்த்தை வேற, வாயிலேயே ஊறிப்போன வார்த்தை வேற. ஊறினதைப் பிடிச்சுக்கிட்டே மத்ததுக்குப் போகலாம்" என்றார். அட்டையில் வரைந்த ஆப்பிளையும் பூனையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாடத்தை வண்டிக்குள்ளேயே மாற்றிவிட்டார். மாணவி யார் தெரியுமா? உன் அம்மாதான். எஞ்சினை அணைத்து வைத்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன், என்ன செய்ய வேண்டுமென்று அப்பா சொல்ல வேண்டும். முதலில் கிளட்ச் வந்தது. அப்புறம் கியர். "மெதுவா" என்பதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார். அது வந்த அன்று பார்த்து, "கண்ணாடியப் பாரு" என்று முழுசாகத் திட்டவும் வந்துவிட்டது. வாழ்க்கையில் அவரிடம் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது நான் பழகுநர் உரிமமும் வாங்கிவிட்டேன். தெருவில் ஓட்டுவதெல்லாம் அப்பாவின் பழைய டிரைவிங் பள்ளியின் இப்போதைய மாஸ்டரோடு மட்டும்தான், பயப்படாதே. அப்பா பின் சீட்டில் வருவார். பாவம் அந்த மாஸ்டர், முன்னால் என்னையும் பின்னால் அவரையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மற்ற சாயங்காலங்களில் அப்பா திறந்த ஷெட்டின் வாசலில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். பல் டாக்டர் வண்டியை ரிவர்ஸில் நிறுத்தும் அழகு உனக்குத் தெரியும். "லெஃப்ட்டு… லெஃப்ட்டு… போதும்" என்று அப்பா இங்கிருந்து நிறுத்தி வைக்கிறார். டாக்டருக்கு நன்றாகவே நிறுத்த வந்துவிட்டது என்றும், அப்பாவுக்காக வேண்டுமென்றே கோணலாக வருகிறார் என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, சந்தாவுக்கு வருகிறேன். பம்பரில் இடித்த மறுநாளே கதவுக் கம்பெனி ஆளை வரவழைத்தேன். தரைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் இருக்கிற சென்சாரில் தூசி படிந்திருந்தது. துடைத்துச் சரியாகத் திருப்பி வைத்தார். குறுக்கே எது வந்தாலும் கதவு இனி இடிக்காமலே நின்றுவிடும். நானே துடைப்பத்தை நீட்டிச் சோதித்துப் பார்த்தேன். சுவர் பட்டன், கை ரிமோட், இந்தச் சென்சார் மூன்றுக்கும் சந்தா தேவையே இல்லையாம். பணம் கட்டினால் கிடைப்பது கேமராவில் பதிவாவது, வெளியூரிலிருந்து திறந்து மூடுவது, நேரம் குறித்து வைத்தால் தானாக மூடுவது, பார்சல்காரருக்குத் தனியாகத் திறந்துவிடுவது, இவைதான். பெரிய திட்டமாக எடுத்தால் லாபம் என்று அவரும் ஆசை காட்டத்தான் செய்தார். வீடு பூட்டியே கிடக்கிறவர்களுக்கு, நாளெல்லாம் பார்சல் வருகிறவர்களுக்கு அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. இங்கே ஒரு ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். திருடன் வந்தால் அவனையும் லெஃப்ட்டில் ஒடித்து நிறுத்தச் சொல்வார்.

இன்னொன்று. சில நாட்களாக நீ அழுத்தினாலும் கதவு கேட்கவில்லை என்றாயே, அதுவும் கோளாறு இல்லை. வெளியிலிருந்து வருகிற கட்டளையை நிறுத்தி வைக்கச் சுவர்ப் பெட்டியில் ஒரு பூட்டு பட்டன் இருக்கிறது. பாடம் நடக்கிற நேரத்தில் நான் அதைப் போட்டுவிடுகிறேன். முடிந்ததும் கதவை மூடிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். மழைநாளில் நடந்ததுபோல் மறுபடி ஆகாமலிருக்க, பல் டாக்டர் வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே சந்தா வேண்டாம் என்பது என் முடிவு. இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்காமல் சொல்லக் கூடாதல்லவா? நேற்று காபி குடிக்கும்போது, "பொண்ணு கதவுக்குச் சந்தா கட்டவான்னு கேக்கிறா, என்ன சொல்லட்டும்?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் முயன்றார். முதலில் "பிரேக்" என்றுதான் வந்தது, அதற்கு அவரே தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கடைசியில் சொன்னார்: "பேச… சொல்லு."

அதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். இனி போன் அடித்தால் அவர் எழுந்து போக மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. சாயங்காலம் ஷெட்டில் உட்காருகிற நேரத்துக்குக் கூப்பிடு. வீடியோ வேண்டாம், வெறும் குரல் போதும். உன் ஆபீஸ் கதை எதையாவது கேட்பார். வார்த்தை தட்டுப்படாவிட்டால் நீ எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் பொறு.

நீ இருக்கிற இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, கண்ணு. அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார், வார்த்தையோடு வந்துகொண்டிருப்பார்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா