சூடு ஏறாத எஞ்சின்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் நல்லபடியாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே உன் அப்பாவின் முழங்கால் வலி போன மாதம் விட்ட இடத்திலேயே நிற்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது, அதற்கு எந்த டாக்டரும் மாத்திரை எழுதித் தர மாட்டார் என்பதால் உனக்கே எழுதி அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் மூன்று வாக்கியம் பேசுவதற்குள் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, உட்கார்ந்து முழுதாகப் படி. உன் தங்கை பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் சேர்ந்துவிட்டாள், வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வருவதால் அவளோடு சண்டை போட ஆளில்லை என்று வருத்தப்படுகிறாள். பேத்தியின் இருமலுக்குச் சும்மா சும்மா மருந்து மாற்றாதீர்கள், ராத்திரி தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே பாதி அடங்கும்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, கடைகளுக்கு முட்டை போட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பி, பிக்கப்பைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் டிரைவர் பக்கத்துக் கதவில் சாக்பீஸால் ஒரு எண்ணும் ஒரு தேதியும் எழுதியிருக்கிறது. உன் அப்பாவைக் கேட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர் வந்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், டீ குடித்தார், வருகிற மாதம் பதினைந்தாம் தேதி வந்து எடுத்துக்கொள்வாராம், பையன் பேசி முடித்துவிட்டான் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார். ஒன்பது வருஷமாக நான் ஓட்டுகிற வண்டி, அதை விற்கிற சேதியை நான் சாக்பீஸ் எழுத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு உடனே போன் செய்து வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, பேப்பர் உங்க பையன் பேர்ல இருக்கு. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் அந்தப் பக்கமே வரல. நீங்க சொல்றீங்கன்னு நான் எப்படி விட முடியும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்கும்போது தலைப்பிள்ளை பேரில் இருக்கட்டும் என்று ஆசையாகப் பதிந்தவள் நான்தான். ஈரத்துணியை எடுத்துச் சாக்பீஸை அழித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை உன்னிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நீ கவனித்தாயா என்று தெரியாது.

லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்த வண்டி எட்டுக்கு இறங்கியது உண்மை. அதைக் கண்டுபிடித்தவளும் நான்தான், உங்களிடம் வாய் விட்ட முட்டாளும் நான்தான். அதற்கு நீ போனில் ஒரு பட்டியல் அனுப்பினாய். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று வரிசையாகப் பதினொரு வரி, கடைசி வரியில் ஓட்டுபவரின் வயது என்று போட்டு பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிருபது அட்டை முட்டை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்குப் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் எப்படி மிதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். வேகத்தடையில் நான் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு பேக்கரிக்காரம்மா, "ஏன்க்கா, முட்டைக்குள்ள இருக்கிற கரு தூங்குதா, எழுப்பிடக் கூடாதுன்னா இப்படி ஓட்டற" என்று கேட்பாள். வயதானால் கால் மெதுவாகும், பெட்ரோல் மிச்சமாகத்தான் செய்யும். இந்தக் கணக்கு உன் படிப்புக்கு எட்டவில்லை. அடுத்த மாதமே, அம்மா போதும்மா, இனிமே உட்காரு, அந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு அதை வெச்சிருக்கிறதே தப்பு என்று ஆரம்பித்தாய். உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவில்லை. உன் அப்பா பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார், முழங்கால்தான் போயிற்று.

சாக்பீஸை அழித்த அன்றைக்கே உன் பட்டியலைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்கை வழிய நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை அதே போல நிரப்பி வகுத்துப் பார்ப்பது, ஊகம் எதுவும் கிடையாது. பின் டயர் இரண்டிலும் காற்று குறைவாக இருந்தது, சரி செய்தேன். ஏர் ஃபில்டரைப் பிரித்தால் உள்ளே கோழி இறகுத் தூசி மெத்தை போல அடைத்திருந்தது, பண்ணைக்குப் போகிற வண்டிக்கு அது வரும், எனக்குப் புத்தி வேண்டாமா, ஒத்துக்கொள்கிறேன். வலது பின் சக்கரத்தைத் தொட்டால் கை சுட்டது, பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தது, அதையும் தளர்த்தினேன். எல்லாம் சேர்த்து எட்டரை வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், அதே சரியாயிடும்காரர்தான், உனக்குத் தெரியும், வண்டியைத் தீப்பிடித்த நிலையில் கொண்டுபோனாலும் "சரியாயிடும்மா" என்பார். புது பிளக் போட்டார், சரியாயிடும் என்றார். சைலன்சர் பக்கத்தில் ஏதோ சென்சார் மாற்றினார், சரியாயிடும் என்றார். ஆகவில்லை. கடைசியில் பானெட்டை மூடிவிட்டு, "வயசாயிடுச்சும்மா, விட்ருங்க" என்றார். வண்டிக்கா எனக்கா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் போட்ட பிளக்கைப் பத்து நாளில் நானே கழற்றிப் பார்த்தேன். புது பிளக்கின் நுனி கரி பிடித்து அடுப்படிச் சுவர் மாதிரி இருந்தது. கரி என்றால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை, அளவுக்கு மேல் உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏன் போகிறது. வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தை எடுத்தேன், பாதி புரியாது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு சாயங்காலம் உட்கார்ந்தேன். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக ஊற்றப்படும், சூடு ஏறியதும் குறைக்கப்படும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தேன். ஏனென்றால் ஒரு வருஷத்துக்கும் மேலாக என் வண்டியில் சூடு காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு ஏறியதே இல்லை. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை சுமை ஏற்றினாலும் சூடாகாத எஞ்சின் என்று பேக்கரிக்காரம்மாவிடம் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். குளிர் நாளில் முன் கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டபோது உள்ளே சூட்டுக் காற்று வராததைக்கூட நான் யோசிக்கவில்லை, துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். நோயைத்தான் நான் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை எஞ்சினைப் போட்டுவிட்டு, கடிகாரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸின் மேல் மறு கையை வைத்து நின்றேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, தெர்மோஸ்டாட் என்று பேர். எஞ்சின் போதுமான அளவு சூடாகிறவரை அது வழியை அடைத்து வைக்கும், சூடானதும் திறந்துவிடும். அது சரியாக இருந்தால் ஹோஸ் ஏழெட்டு நிமிஷம் சில்லென்று கிடந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். என் கைக்கு முதல் நிமிஷத்திலிருந்தே இளஞ்சூடு வந்தது, கால் மணி நேரம் கழித்தும் அதே இளஞ்சூடுதான். உன் அப்பா ஜன்னலிலிருந்து, "என்ன, வண்டிக்கு நாடி பாக்கறியா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, எஞ்சினை ஆற விட்டு, தண்ணீரை வடித்து, இரண்டு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். சிக்கிக்கொள்வதற்கு அங்கே வால்வே இல்லை. வால்வு உட்காரும் கூடு காலியாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

மூடியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சரியாயிடும்காரரின் பட்டறைக்குப் போனேன், மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்து உட்காருங்கம்மா என்றார். உட்காரவில்லை. "தம்பிதாம்மா, உங்க பையன்தான் சொன்னாரு. போன வருஷம் லீவுக்கு வந்தப்போ ரோட்டுல வண்டி கொதிச்சிடுச்சுல்ல, வால்வு அடச்சிக்கிச்சு. புது வால்வு வர ரெண்டு நாள் ஆகும்னேன். ரெண்டு நாள் இல்லண்ணே, நாளைக்கு ஃபிளைட், எதாவது பண்ணுங்கன்னாரு. கழட்டிட்டா கொதிக்காது, ஆனா பெட்ரோல் கொஞ்சம் இழுக்கும், அப்புறமா புதுசு போட்டுக்கலாம்னேன். சரின்னாரு. அம்மாகிட்ட சொல்லிக்காதீங்க, பயந்துக்கும், நானே சொல்றேன்னாரு" என்றார். நீங்கள் ஏன் இவ்வளவு நாள் பிளக்கையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "தம்பி புதுசு வாங்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்மா, சத்தியமா மறந்துட்டேன்" என்றார். அவர் ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கிறவர், மறந்திருக்கலாம், அதை நம்புகிறேன்.

நீ ஒரு வண்டிதான் பார்த்தாய். பெட்ரோல் இழுக்கும் என்று உன் காதில் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் இழுக்கிறது என்று நான் உன்னிடம் நாலு மாதம் புலம்பியிருக்கிறேன். நீ பதினொரு வரி எழுதினாய், அதில் என் வயதுக்கு இடம் இருந்தது, அந்த வால்வுக்கு இடமில்லை. மறந்துவிட்டாய் என்றால் உன் அம்மா ஓட்டுகிற வண்டியைப் பற்றி ஒருவர் சொன்னதை ஏறிய விமானத்திலேயே விட்டுவிட்டாய் என்று அர்த்தம். நினைவிருந்தது, சொன்னால் தப்பு உன் தலையில் விழும், வண்டியே போய்விட்டால் பேச்சும் போய்விடும் என்று நினைத்தாய் என்றால், அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்று ராப்பகலாக யோசித்தேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. நான் பயந்துகொள்வேனாம். விளக்கில்லாத பண்ணை ரோட்டில் டயர் மாற்றியவள் நான், இரண்டு விரல் நீளமுள்ள ஒரு வால்வுக்குப் பயப்படுவேனா. உனக்குத்தான் பயம், அம்மா திட்டுவாள் என்று. திட்டியிருப்பேன். திட்டு வாங்கி முடித்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

புது வால்வும் வாஷரும் வாங்கி நானே போட்டேன். சரியாயிடும்காரர் தான் வந்து போடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அன்று பண்ணைக்குப் போகும் வழியில் முள் எழுந்து நடுவில் நின்றது. பிறகு மூன்று டேங்க் ஓட்டி அளந்துவிட்டேன், பத்தே முக்கால், பத்து எண்பது, பதினொன்று. தாளை இதோடு வைத்திருக்கிறேன், நீயே வகுத்துப் பார். வயது பார்க்கப்போனால் இந்த மாதத்தில் எனக்கு இன்னும் கூடத்தான் செய்திருக்கிறது.

உன் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வால்வு பழுது, மாற்றினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் மருந்துக்கடை வரை நடந்தாலும் வழியில் நாலு பேரிடம் உன்னைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வருவார், அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல். நான் சொன்னால் அது கோள் ஆகிவிடும். இதோடு வண்டியை என் பேருக்கு உரிமை மாற்றும் படிவம் இருக்கிறது, நிரப்பிவிட்டேன், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அம்மா கோபத்தில் எழுதியிருக்கிறாள், நாலு நாளில் ஆறிவிடும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு மடித்து வைக்காதே, ஆறாது. எனக்கு இன்னும் எத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடிக்க முடியும் என்பது கைக்குத் தெரியும், அன்றைக்கு நானே சாவியை ஆணியில் மாட்டுவேன், வேறு யாரும் தேதி குறிக்க வேண்டாம்.

காலையில் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே, இதில் அவளுக்குப் பங்கில்லை. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடியில்லாமல் இருங்கள், ஆசீர்வாதத்தில் நான் கை சுருக்கவில்லை, பெற்றவளுக்கு அது முடியாது. பழைய வண்டிக்காரருக்கு பதினைந்தாம் தேதிக்கு முன்னால் போன் செய்துவிடு. செய்யாவிட்டாலும் அன்று காலை ஐந்தரைக்கெல்லாம் நான் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிருப்பேன், வருகிறவருக்கு உன் அப்பா டீ போட்டுக் கொடுத்து நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா