தயாரித்தவர்: நீ

இன்று காலை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. ‘அன்புள்ள’ என்ற சொல்லுக்கு அடுத்து, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘வாடிக்கையாளர் பெயர்’ என்றே அச்சாகியிருந்தது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் சாவுக்கு ஆபீஸ் அனுப்பிய கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், துடைக்கத் துடைக்க இரும்புத் தூள் படியும் அந்த ஆபீஸில், நாம் இருவரும் எதிரெதிர் மேசை. பழவேற்காட்டிலிருந்து பைக்கில் வந்து, நாஷ்டாவை என் மேசையில்தான் பிரிப்பாய். கம்பெனிக் கடிதங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் மாதிரி செய்து வைத்தவன் நீ. திறந்தால் அன்றைய தேதி தானாக விழும். ஆளின் பெயரை ஓரிடத்தில் அடித்தால் கடிதம் முழுக்கப் போய் உட்காரும். அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் திறக்கிறோமோ அதை வைத்திருப்பவரின் பெயர் வரும். “மேல தெரியறத நம்பாத நைனா, உள்ள இன்னா கீதுன்னு பாரு” என்று இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவாய். பெயரும் தேதியும் போய், அடைப்புக்குறிக்குள் வெறும் கட்டளைகள் நிற்கும்.

இரங்கல் கடிதத்துக்கும் ஒரு மாதிரி செய்யச் சொன்னார் மேனேஜர். நீ தயங்கினாய். “ஒவ்வொரு தபாவும் ஒக்காந்து யோசிச்சிக்கினு இருக்க முடியுமாய்யா?” என்றார். மனசில்லாமல் செய்தாய். “இது யாருக்கும் போவக் கூடாதுடா” என்று என்னிடம் சொன்னாய்.

கவரைப்பேட்டையில் உன் பைக் மீது லாரி ஏறியது. உன்னை அடக்கம் செய்த மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உன் கம்ப்யூட்டரிலேயே அந்த மாதிரியைத் திறந்து, உன் பெயரை அடித்து, அச்செடுத்து வைத்திருந்தார். ‘எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்.’ அடியில், அன்றைய தேதிக்குப் பக்கத்தில், தயாரித்தவர்: உன் பெயர்.

“சார், கீழ பாருங்க. அவன் பேரே வந்திருக்கு.”

“அத்த யாருய்யா பாக்கப் போறா? மடிச்சி அவன் சம்சாரத்தாண்ட குடு. குடுக்கறத அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கினு வா, நோட்டீஸ் போர்டுல போடணும்.”

“ஒரு நிமிஷம் சார், மாத்தி எடுத்துடறேன்.”

“லெட்டர்பேட வேஸ்ட் பண்ணாத.”

ஒரு தாள். உன் உயிருக்கு அந்த ஆள் செலவழிக்க மறுத்தது ஒரு தாள். கொண்டுபோக மாட்டேன் என்று மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அது உன் மனைவி கையில் போய்ச் சேரவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி அதைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். அடிவரியில் விரலை வைத்து, அழாமல் கேட்டார்: “இன்னாண்ணே இது? அத்தினி பேர் இருக்கற ஆபீஸ்ல ஒர்த்தருக்குமா எழுத வரல? செத்தவரேதான் எழுதிக்கணுமா?”

இன்றைக்கும் அந்த மேனேஜரின் முகத்தை நினைத்தால் வாய் கசக்கிறது.

இப்போது எனக்கு வேறு கம்பெனி. இங்கேயும் இரங்கல் கடிதத்துக்கு மாதிரி இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை. இறந்தவரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நானே அடிக்கிறேன். அவரைப் பற்றி உண்மையாக ஒரு வரியாவது தோன்றும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. சின்ன வயசுப் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உனக்கு அந்த ஒரு வரியை அன்று யாரும் எழுதவில்லை. அதனால்தான் இதை வெற்றுத் தாளில், பேனாவால் எழுதுகிறேன். தயாரித்தவன் நான்.